பொழுது சாயும் நேரத்தில் வருகிறவன்

அவுஸ்திரேலியாவில் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் 'சண்டவுனர்' என்று ஒரு வகை ஆளைச் சொல்வார்கள். பொழுது சாய்கிற நேரம் பார்த்துப் பண்ணை வாசலில் வந்து நிற்கிறவன். அந்த நேரத்தில் வேலை எல்லாம் முடிந்திருக்கும், விறகு பிளக்கச் சொல்ல முடியாது, அதற்காக இருட்டுகிற நேரத்தில் ஒரு மனிதனை வெறும் வயிற்றோடு காட்டுக்குள் அனுப்பவும் முடியாது. மாவும் இறைச்சியும் கொடுத்து ஆட்டுமயிர் வெட்டுகிற கொட்டிலில் ஒரு மூலையைக் காட்டுவார்கள். விடியும்போது ஆள் இருக்க மாட்டான்.

சோம்பேறி என்பதற்கு இன்னொரு பெயர் என்றுதான் இதை எல்லோரும் விளங்கப்படுத்துவார்கள். ஆனால் இந்தப் பெயரை வைத்தவன் நிச்சயமாக வாசலுக்கு உட்பக்கம் நின்றவன். வெளியிலிருந்து வந்தவன் அன்றைக்கு எத்தனை மைல் நடந்தான், வழியில் எத்தனை இடத்தில் வேலை கேட்டு இல்லையென்று கேட்டான் என்பதெல்லாம் உள்ளே நிற்பவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது வந்த நேரம் மட்டும், பெயரும் அதிலேயே அமைந்துவிட்டது. சும்மா கொடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. கோடையில் காய்ந்த புல்லும் மரவேலியும் கம்பளிக் கொட்டிலும் ஒரு தீக்குச்சியில் போய்விடும், இல்லையென்று அனுப்பப்பட்டவன் கோபத்தில் என்ன செய்வான் என்ற பயம் பண்ணைக்காரர் எல்லோருக்கும் இருந்தது.

நாடோடிக் கூலிகளுக்கு அந்த நாட்டில் இருந்த கொச்சைப் பெயர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன். வாசிக்க வாசிக்க மனசு கொழும்புப் புறக்கோட்டையின் பழைய சோனகத் தெருவுக்கும் ஐந்தாம் குறுக்குத் தெருவுக்கும், தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கிற மலைநாட்டு லயத்துக்கும்தான் ஓடுகிறது. தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த நம் ஆட்களும் நடந்து வந்தவர்கள்தானே.

முதலில் அவர்களுடைய சொற்கள். பொதுப் பெயர் 'ஸ்வாக்மேன்'. ஸ்வாக் என்பது போர்வையில் சுருட்டிய மூட்டை. இங்கிலாந்துத் திருடர்களின் பாஷையில் அது களவெடுத்த சாமானைக் குறித்த சொல், 1788 முதல் கைதிகளைக் கப்பலில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கியபோது அவர்களோடு சேர்ந்து இந்தச் சொல்லும் இறங்கியது. அப்புறம் 1850களில் தங்கம் தேடிக் கிளம்பியவர்கள் முதுகில் ஏறி, களவு என்ற பொருள் போய், வெறும் மூட்டை என்று ஆகிவிட்டது.

அந்த மூட்டையைக் கட்டுகிற விதமே ஒரு கைவேலை. போர்வையைத் தரையில் விரித்து, மாற்றுச் சட்டை, ஊசிநூல், சவர்க்காரம், வீட்டுக் கடிதம் என்று உள்ளதையெல்லாம் நடுவில் நீளவாக்கில் வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, முழங்காலால் அமத்தி அமத்தி இறுக்கி உருட்டி, இரண்டு இடத்தில் வார் போட்டுக் கட்டுவார்கள். அந்த இரண்டு கட்டையும் இணைக்கிற பட்டி தோளில் மாட்டும். முன்பக்கம் சாப்பாட்டுப் பை தொங்கும், அதில் மாவும் சீனியும் இருந்தால் முதுகுப் பாரத்துக்கு அது ஈடு கொடுக்கும், பை காலியானால் மூட்டை பின்னால் இழுக்கும். கையில் தகர டப்பா. அதன் பெயர் 'பில்லி', தண்ணீர் கொதிக்க வைக்கவும் தேத்தண்ணி குடிக்கவும் அது ஒன்றுதான்.

இந்த மூட்டைக்கு மட்டும் எத்தனை பெயர் பாருங்கள். போர்வை பெரும்பாலும் நீலம் என்பதால் 'புளூயி'. 'டிரம்' என்றும் சொல்வார்கள், 'ஷிரலீ' என்றும் சொல்வார்கள். 'மட்டில்டா' என்று பெண் பெயரே வைத்துவிட்டார்கள், தனியே நடக்கிறவனுக்கு இரவில் கட்டிப்பிடித்துத் தூங்க இருப்பது அந்தப் போர்வை மட்டும்தானே. மூட்டையோடு வீதியில் நடப்பதை மட்டில்டாவோடு ஆடுவது என்பார்கள். பான்ஜோ பாட்டர்சன் 1895இல் எழுதிய பாட்டு அந்தத் தொடரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஒரு செம்மறியைப் பிடித்ததற்காகத் துரத்தப்பட்டுத் தண்ணீரில் குதிக்கிற ஸ்வாக்மேனின் கதை அது, குவீன்ஸ்லாந்தில் டாக்வர்த் என்ற பண்ணையில் எழுதப்பட்டது. அதற்கு முந்திய வருஷம்தான் மயிர்வெட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அந்தப் பண்ணையின் கொட்டில் எரிக்கப்பட்டிருந்தது.

வேலை தேடி நடப்பதை 'வாலபித் தடத்தில் இருக்கிறான்' என்பார்கள். வாலபி சின்னக் கங்காரு. பாதை என்று ஒன்று இல்லாத இடத்தில் அந்த மிருகம் போன தடம்தான் பாதை. ஃபிரெடெரிக் மக்கபின் 1896இல் இதே பெயரில் ஓர் ஓவியம் வரைந்தார், அதில் மரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் இருக்கிறாள், கணவன் பில்லியில் தண்ணீர் கொதிக்க வைக்கிறான். ஸ்வாக்மேன் என்றாலே தனி ஆண் என்று நினைக்கிறவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மர்ரம்பிட்ஜி என்ற ஆற்றங்கரையை விட்டு நகராமல் அங்கேயே கூடாரம் மாற்றி மாற்றி மீன் பிடித்துச் சாப்பிட்டுக் காலம் தள்ளியவர்களுக்கு 'மர்ரம்பிட்ஜி வேலர்' என்று பெயர், திமிங்கிலம் பிடிக்கிறவன் என்று அர்த்தம். அந்த ஆற்றில் காட் என்று ஆளுயர மீன் கிடைக்கும். எவரோடும் சேராமல் தனியே திரிந்து தனியே பேசத் தொடங்கியவன் 'ஹட்டர்'. கம்பளிக் கொட்டிலில் எடுபிடி வேலை எல்லாம் செய்கிறவன் 'ரவுஸ்அபவுட்'. மிக வேகமாக ஆடு மயிர் வெட்டுகிறவன் 'கன்', துப்பாக்கி. ஜாக்கி ஹோவ் என்பவர் 1892இல் அலிஸ் டவுன்ஸ் பண்ணையில் கைக்கத்தரியால் ஒரே நாளில் 321 ஆடுகளுக்கு மயிர் வெட்டினார், அவர் போட்ட கையில்லாத பனியனை இன்றைக்கும் அங்கே ஜாக்கி ஹோவ் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கூலிக்காரனின் பெயர் ஓர் உடுப்புக்கு நின்று நிலைத்திருக்கிறது, எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். பண்ணைகளில் ஒரு கிழமைக்குக் கொடுக்கிற பங்கீட்டுக்கு 'பத்து, பத்து, இரண்டு, கால்' என்று பெயர். 10 றாத்தல் மா, 10 றாத்தல் இறைச்சி, 2 றாத்தல் சீனி, கால் றாத்தல் தேயிலை. மாவைத் தண்ணீரில் பிசைந்து சாம்பலுக்குள் புதைத்துச் சுடுவது 'டாம்பர்'. தேயிலை மட்டமான சாதி என்றால் 'வேலித் தேயிலை' என்பார்கள், தண்ணீரில் மிதக்கிற காம்புகள் பண்ணை வேலியின் கம்பும் குறுக்குச் சட்டமும் போலக் கிடக்குமாம். ஆரம்பத்தில் அது சீனத் தேயிலை. அப்புறம் இந்தியத் தேயிலையும் நம் தேயிலையும் அந்தச் சந்தையைப் பிடித்தன. தலவாக்கலையிலோ டிக்கோயாவிலோ ஒரு பெண் கிள்ளிப் போட்ட கொழுந்து, கொழும்புத் துறைமுகத்தில் நம் ஆட்கள் சுமந்து ஏற்றிய பெட்டியில் போய், யாரோ ஒரு ஸ்வாக்மேனின் பில்லியில் கொதித்திருக்கும். இரண்டு கூலியும் ஒருவர் பெயரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆட்களும் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும். 1882இல் டெவன்ஷயர் என்ற கப்பலில் இலங்கையிலிருந்து குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள்.

சரி, இவ்வளவு சொற்கள் எப்படித் தப்பின? நடந்தவர்களில் நிறையப் பேருக்கு எழுத வாசிக்கத் தெரியும், எழுதியதைப் போட இடமும் இருந்தது. 1880இல் சிட்னியில் தொடங்கிய புல்லட்டின் என்ற வாரப் பத்திரிகை காட்டில் இருப்பவர்களைப் பார்த்து, கதையோ பாட்டோ துணுக்கோ எழுதி அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிப் போட்டது. ஜோசப் ஜென்கின்ஸ் என்று ஒரு வேல்ஸ் விவசாயி, ஐம்பது வயதில் மனைவி மக்களை விட்டுவிட்டு 1868இல் கப்பலேறி, விக்டோரியாவில் கால் நூற்றாண்டு கூலிவேலை செய்து, ஊர் ஊராய் நடந்து, ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதினார். அந்தக் கொப்பிகள் இன்றைக்கு விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கின்றன. மூட்டைக்குள் போர்வையோடு நாட்குறிப்பும் வைத்துக் கட்டிய மனிதர். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நம் ஆட்களில் ஒருவராவது இப்படி எழுதியிருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை.

1930களில் பெயர்கள் மாறின. 1932இல் அங்கே தொழிற்சங்கக்காரர்களில் நூற்றுக்கு முப்பது பேருக்குக் கிட்ட வேலையில்லை. வீதியில் இறங்கியவர்கள் 'பேக்மேன்' ஆனார்கள். சாமான் ரயிலில் களவாக ஏறிப் போவார்கள். உணவுப் பங்கீட்டை அரசாங்கம் கொடுத்தது, ஆனால் ஒரே ஊரில் இருந்தால் கிடையாது, அடுத்த ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்குப் போனால்தான் அடுத்த பங்கு. ஊர் சுற்றுகிறான் என்று ஏசுவதும் அவர்கள், சுற்றினால்தான் சோறு என்று சட்டம் போடுவதும் அவர்களே. 'பாட்லர்', விடாமல் மல்லுக்கட்டுகிறவன், என்ற சொல்லும் இந்த வீதிகளில்தான் பரவியது, இன்றைக்கு அரசியல்வாதிகள் மேடையில் சொல்கிற மரியாதையான சொல்லாகிவிட்டது.

இந்தப் பெயர்களில் ஒன்றில்கூட இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. அந்த மண்ணின் பூர்வகுடிகள். வடக்கே மாட்டுப் பண்ணைகளில் பாதிக்கு மேல் வேலையை அவர்கள்தான் பார்த்தார்கள் என்று சொன்னாலும் மிகையாகாது, கூலியாகக் கிடைத்தது பல இடத்தில் மாவும் சீனியும் புகையிலையும்தான். அவர்கள் வேலையை விட்டுத் தங்கள் நிலத்தைப் பார்க்கப் போனால் அதற்கு வெள்ளையர் கேலியாக வைத்த பெயர் 'வாக்கபவுட்'. 1966இல் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சி மக்கள் வெளியேறி நடந்தார்கள், சம்பளத்துக்காக மட்டும் அல்ல, நிலத்துக்காகவும். ஸ்வாக்மேனின் பாட்டைத் தேசியகீதம் மாதிரிப் பாடுகிற நாடு இந்த நடையைப் பாட இவ்வளவு காலம் எடுத்தது.

இப்போது நம் பக்கம். கோப்பிக் காலத்தில் நம் ஆட்கள் வந்ததும் நடந்துதான். கடல் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, மதவாச்சி, தம்புள்ள வழியாக மாத்தளைக்குக் காட்டுவழி. கொலராவிலும் அம்மையிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில் இல்லை. அறுவடை முடிய அதே வழியில் திரும்பிப் போவார்கள், அந்த வகையில் அவர்களும் பருவத்துக்குப் பருவம் நடக்கிற கூலிகள்தான். அதை நினைத்துத்தான் 2023இல், இந்த மக்கள் வந்து 200 வருஷம் என்று, 'மலையகம் 200' என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள்.

அந்த ஆட்களைப் பற்றி எழுத்தில் மிஞ்சியிருக்கிற சொற்களைத் தேடினால் கிடைப்பதெல்லாம் வாசலுக்கு உட்பக்கத்துச் சொற்கள். தோட்டத்தை விட்டு இரவோடு இரவாக ஓடியவனுக்குத் துரைமார் வைத்த பெயர் 'போல்ட்டர்'. இதே சொல்லைத்தான் அவுஸ்திரேலியாவில் தப்பியோடிய கைதிக்குச் சொன்னார்கள். அங்கே கைதிக்கு, இங்கே கூலிக்கு. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலையை விட்டுப் போவது இங்கே குற்றம், ஆகவே அந்தப் பெயர் சரியாகத்தான் பொருந்தியது. புதிதாக வருகிற சின்னத்துரைமாருக்குத் தமிழ் படிப்பிக்கக் கைநூல் அச்சிட்டார்கள், அதில் ஒன்றின் தலைப்பே 'இங்கே வா'. நம் பாஷையிலிருந்து அவர்களுக்கு முதலில் தேவைப்பட்டது அந்தக் கட்டளைதான்.

அப்புறம் 'துண்டு'. ஸ்வாக்மேன் மூட்டையை எடுத்துக்கொண்டு இன்னொரு பண்ணைக்குப் போகலாம், நம் ஆள் போக முடியாது, அவன் மேல் கடன் இருக்கும். கங்காணி ஒரு துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போவார். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும், ஆட்கள் அங்கே மாறுவார்கள், கடனும் அவர்களோடு மாறும். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நம்மவர் முதுகில் சுமந்த மூட்டை அது.

ஆனால் லயத்துக்குள் புழங்கிய சொற்கள் வேறு. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற இடம் பெரட்டுக்களம். வேலைக்கு வந்து நாள் பதிவாகிவிட்டால் 'பேர் விழுந்தது'. கொழுந்து நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஞாயிற்றுக்கிழமை மேலதிகமாகப் பறித்து உடனே வாங்குகிற காசு 'கைக்காசு'. அரைப்பேர் என்ற சொல்லை முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு முழு மனுஷி காலையிலிருந்து மழையில் நின்றிருக்கிறாள், தராசு அவளைப் பாதி என்கிறது. இதைச் சொல்கிறவர்கள் அலுப்பில்லாமல், 'இன்னைக்கு அரைப்பேர்தான்' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பார்கள். 1000 ரூபா நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் போராடி 2021இல் வர்த்தமானி வந்த பிறகும் அரைப்பேர் என்ற பேச்சு நின்றபாடில்லை.

இனி, நாம் வைத்த பெயர்கள். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதியதில் நியாயம் இல்லை. கள்ளத்தோணி. தோட்டக்காட்டான். வடக்கத்தியான். வெள்ளைக்காரத் துரை வைத்ததில்லை இவை, நம் அயலவர் வைத்தது, தமிழர் வாயிலிருந்தே வந்ததும் உண்டு. 'வடக்கத்தியானையும் வயிற்றுக்குத்தையும் நம்பக்கூடாது' என்று யாழ்ப்பாணத்தில் பழமொழியே உண்டு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து இந்த மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியபோது அதற்கு ஆதரவாகக் கை தூக்கிய தமிழரும் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். ஏற்கெனவே ஒருவனைக் கள்ளத்தோணி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு, அவனுக்கு வாக்கு எதற்கு என்று கேட்பது கஷ்டமாக இருக்கவில்லை.

புறக்கோட்டைக்கு வாருங்கள். அங்கே பாரம் தூக்குகிறவர்களுக்கு நாட்டாமி என்று பெயர், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறோம். தமிழ்நாட்டில் இதே சொல் ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற பெரியவரைக் குறிக்கும். நம் நாட்டாமிகளில் நிறையப் பேர் ஹட்டன், நுவரெலியா, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். நான் வேலை செய்கிற கடைக்கு லொறி வந்தால் கணக்கெழுதுகிற மேசையிலிருந்து எல்லாம் தெரியும். சாரத்தை மடித்துக் கட்டி, துவாயைச் சுருட்டித் தலையிலும் பிடரியிலும் சும்மாடு வைத்து, லொறிக்குப் பின்பக்கம் முதுகைக் கொடுத்துக் குனிந்து நிற்பார். மேலே நிற்கிறவர் ஐம்பது கிலோச் சாக்கைச் சரித்துப் பிடரியில் விடுவார். அது வந்து உட்காருகிற நொடியில் முழங்கால் கொஞ்சம் மடங்கி நிமிரும், மூச்சு வெளியே போகும் சத்தம் கேட்கும், அடுத்த அடி அதற்குள் எடுத்து வைத்தாயிற்று. நின்றால் பாரம் கூடும், அதனால் ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். வழியில் நிற்கிற நம் போன்றவர்களை அவர்கள் கத்தி விலக்குவது அதனால்தான், முறைக்கிறவர்களுக்கு இது விளங்குவதில்லை.

தள்ளுவண்டி இழுக்கிற ஒரு பெரியவரிடம் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது, 'அண்ணே, உங்களை நாட்டாமின்னு கூப்பிட்டா ஒரு மாதிரியா இருக்குமா?' என்று கேட்டேன். 'இல்ல தம்பி, அது தொழில் பேரு. ஏய்னு கூப்பிடுறதுதான் ஒரு மாதிரி' என்றார். அப்புறம் அவராகவே சொன்னார், ஊருக்குப் போனால் அங்கே யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை, 'கொழும்புக்காரர் வந்திருக்கார்' என்பார்களாம். கொழும்பிலோ அவர் தோட்டத்துக்காரர். இரண்டு இடத்திலும் இன்னொரு இடத்து ஆள்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து வைத்தபடியால்தான் லயத்துக் குரல் கொஞ்சமாவது நம்மிடம் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு வேலை புறக்கோட்டைக்கும் வேண்டும், துறைமுகத்தில் பெட்டி சுமந்தவர்களுக்கும் வேண்டும். இப்போது லொறியிலிருந்து இறக்க யந்திரம் வந்துகொண்டிருக்கிறது, இளம் பொடியன்கள் கட்டட வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள், பாரத்தோடு இருந்த பேச்சும் போய்விடும். நான் கைப்பேசியில் பதிந்துகொண்டு வருகிறேன், பேசுகிறவர் சம்மதித்தால் மட்டும், பெயர் இல்லாமல்.

எனக்கு வேண்டியது வாசலுக்கு வெளியே நின்றவர்களின் சொற்கள். முதலாளியை, கங்காணியை, கஞ்சக் கணக்கப்பிள்ளையை அவர்கள் தங்களுக்குள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பாரம் தூக்காமல் நழுவுகிறவனுக்கு என்ன பெயர், வேலை இல்லாத நாளுக்கு என்ன பெயர், ஊரிலிருந்து புதிதாக வந்தவனுக்கு என்ன பெயர். உங்கள் அப்பாவோ தாத்தாவோ அம்மாயியோ சொல்லிக் கேட்டது இருந்தால் எழுதுங்கள், ஏச்சுப் பேச்சாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்தாமல் அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். எந்தத் தோட்டம் அல்லது எந்தத் தெரு, என்ன வேலை செய்தவர், ஏறக்குறைய எந்தக் காலம் என்பதையும் சேர்த்துவிட்டால் பிறகு தேடுகிறவர்களுக்கு உதவும்.